மானிப்பாய் கண்ட மருத்துவர் கிறீன்

1822ஆம் ஆண்டு தமிழுக்கு இருவரைத் தந்தது. அவ்வாண்டு டிசெம்பர் மாதத்தில் யாழ்ப்பாணத்து நல்லூரிலே ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர் அவதரித்தார். அவருக்கு இரண்டு மாதங்கள் மூத்தவராய், ஒக்டோபர் மாதம் 10ஆம் நாள், அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் என்னும் ஊரிலே சாமுவேல் பிஸ்க் கிறீன் பிறந்தார். நாவலர் பெருமான் 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அதே 1848இல், அங்கிருந்து சில மைல் தூரத்திலுள்ள மானிப்பாயிலே கிறீன் தமிழ் இளைஞருக்கு மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். ஒருவர் சைவத்தைக் காக்க எழுந்தவர். மற்றவர் கிறிஸ்து சமயத்தைப் பரப்பும் சபையொன்றினால் அனுப்பப்பட்டவர். நோக்கத்தால் எதிரெதிரே நின்ற இவ்விருவரும் ஒரு விடயத்தில் ஒன்றுபட்டனர். சாதாரண மக்களிடம் சேரவேண்டிய அறிவு, அம்மக்களுக்கு விளங்கும் தமிழிலே சேரவேண்டும் என்பதே அது.

நாவலர் பெருமானின் சரித்திரத்தை இம்மலரின் வாசகர்கள் நன்கு அறிவர். ஆண்டுதோறும் குருபூசை நடாத்தி அவரை நினைவுகூர்கின்றோம். கிறீனின் பெயரையோ, மானிப்பாயிலுள்ள ஆஸ்பத்திரியின் பெயர்ப் பலகையில் மட்டுமே நம்மிற் பலர் கண்டிருப்போம். இந்து வாலிபர்களின் மலரிலே மிசன் மருத்துவர் ஒருவரின் வரலாறு எதற்கு என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். மிசன் பாடசாலையிற் படித்து, வீட்டிலே திருநீறணிந்து வளர்ந்த எனக்கு இவ்வினா புதியதன்று. அவர் செய்தவற்றை முதலிற் பார்ப்போம். அவ்வினாவுக்குப் பின்னர் வருவோம்.

இளமையும் கல்வியும்

கிறீன் பிள்ளைகள் பலர் நிறைந்த பெரிய குடும்பத்திலே பிறந்தவர். அவருடைய தமையனார் அன்ட்ரூ ஹஸ்வெல் கிறீன், நியூயோர்க் நகரின் புகழ்பெற்ற மத்திய பூங்காவை அமைப்பதில் முன்னின்றவர். பிரிந்து கிடந்த பகுதிகள் 1898இல் ஒரே மாநகராக இணைவதற்குக் காரணராய் இருந்தவர். தமையனார் நெருக்கடியான நகரத்து மக்களுக்கு மூச்சுவிட இடம் தேடினார். தம்பியார் தாம் கண்டிராத நாடொன்றின் மக்களுக்கு உடல்நலம் தேடிப் புறப்பட்டார். பொதுநலம் அக்குடும்பத்தின் இரத்தத்தில் ஊறியிருந்தது எனலாம்.

நியூயோர்க்கிலுள்ள மருத்துவக் கல்லூரியிலே பயின்று 1845இல் கிறீன் வைத்தியப் பட்டம் பெற்றார். அக்கால மருத்துவம் இன்றைய மருத்துவம் அன்று என்பதை நாம் மறத்தலாகாது. நோயை உண்டாக்குவது கண்ணுக்குத் தெரியாத கிருமி என்பது அன்று நிலைநாட்டப்படவில்லை. மயக்கமருந்து கொடுத்துச் சத்திரசிகிச்சை செய்யும் முறை 1846இலேதான் பலரும் அறிய வந்தது. எனினும், நோயைத் தீர்ப்பதிலும் பார்க்க நோய் வராமற் காப்பதே மேல் என்ற எண்ணம் உலகிலே வேரூன்றத் தொடங்கிய காலம் அது. இங்கிலாந்திலே எட்வின் சட்விக் என்பார், தொழிலாளர் வாழும் இடங்களின் அழுக்கும் வடிகாலின்மையும் அவர்களுடைய ஆயுளை எவ்வாறு குறைக்கின்றன என்பதை 1842இல் அறிக்கையாக வெளியிட்டார். அதன் பயனாக 1848இல் அந்நாட்டிலே முதலாவது பொதுச் சுகாதாரச் சட்டம் நிறைவேறியது. சட்டத்தினால் இங்கிலாந்தில் எதைச் செய்ய முற்பட்டனரோ, அதைக் கல்வியினால் யாழ்ப்பாணத்திற் செய்ய அதே ஆண்டிலே முற்பட்டவர் கிறீன்.

கடல் கடந்து வருதல்

அமெரிக்க மிசனார் 1816ஆம் ஆண்டு முதல் யாழ்ப்பாணத்தில் இருந்தனர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியை நிறுவினர். அவர்களுடன் டாக்டர் ஜோன் ஸ்கடர் பண்டத்தரிப்பிலும், அவருக்குப் பின் டாக்டர் நேதன் வார்ட் வட்டுக்கோட்டையிலும் வைத்தியம் செய்தனர். வார்ட் திரும்பிச் சென்றபின் அவ்விடத்துக்கு ஒருவர் வேண்டியிருந்தது. இருபத்துநான்கு வயதுடைய கிறீன் அப்பணியை ஏற்றார்.

1847இல் பொஸ்ரன் துறைமுகத்திலே பாய்க்கப்பல் ஏறினார். சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டது 1869இலேயாதலால், அன்று ஆபிரிக்காக் கண்டத்தைச் சுற்றியே வரவேண்டும். மாதக்கணக்கிற் கடலிற் கழித்து, சென்னை வழியாக, அவ்வாண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சேர்ந்தார். சில காலம் வட்டுக்கோட்டையில் இருந்து, 1848இல் மானிப்பாய்க்கு மாறினார். அவ்வூரே அவருடைய வாழ்க்கைப் பணிக்கு நிலைக்களமாயிற்று.

அவர் கண்ட யாழ்ப்பாணம் எத்தகையது? அங்கே வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லின் ஊடே ஊறும் கிணற்று நீரே குடிக்கவும் குளிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் உதவியது. மேலே நிலத்தில் விழுவது கல்லின் வெடிப்புகள் வழியாகக் கீழே நீருடன் கலந்துவிடும். ஒரு வளவிலே வாந்திபேதி தோன்றினால் அயல் வளவுக்கும் அது செல்ல வழி நிலத்தின் அடியிலேயே இருந்தது. ஆனால் அன்று அதை அறிந்தவர் எவருமில்லர். வாந்திபேதி நீரினாற் பரவுகின்றது என்பதை ஜோன் ஸ்னோ இலண்டன் மாநகரிலே எடுத்துக் காட்டியது 1854இலேதான். அந்நோயின் கிருமி இன்னதென ரொபேட் கொக் கல்கத்தாவிலே தெளிவாக நிறுவியது 1884இலேதான். கிறீன் தம் வாழ்நாள் முழுவதும் முகம் தெரியாத பகைவனுடனேயே போராடினார்.

அக்கால மேனாட்டு வைத்தியம் எல்லாவற்றிலும் நம்முடைய பரியாரிமாரின் வைத்தியத்திலும் மேம்பட்டதெனச் சொல்லுதல் உண்மையாகாது. இரத்தம் வடியவிடுதலும் பாதரசக் கூட்டு மருந்தும் அன்று மேனாட்டிலே வழக்கில் இருந்தன. இரண சிகிச்சையிலும், வில்லங்கமான பிரசவத்திலும், அம்மைப்பால் குத்துவதிலுமே அதன் மேன்மை தெளிவாக விளங்கியது. கட்டியும் புண்ணும் எலும்பு முறிவுமாய் வந்தவர்கள் சுகம்பெற்றுச் சென்றனர். சென்றவர்கள் ஊரிலே சொல்லினர். மானிப்பாய் மருந்துச்சாலைக்குச் சனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வரத் தொடங்கினர். அவர்களிற் பெரும்பாலோர் நம்மவராகிய சைவர்களே.

ஒருவர் போதார்

திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் முடிவிலே வைத்தியத்துக்கு நான்கு அங்கம் வகுத்தார். நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து பணிசெய்பவன் என்பன அவை. கிறீன் வைத்தியராய் வந்தார், மருந்தும் கொண்டுவந்தார், நோயாளருக்குக் குறைவில்லை. நான்காவது அங்கமே இல்லாதிருந்தது. ஊர்தோறும் நோயாளியின் அருகில் நிற்க, நோய் வருமுன்னே வீட்டாருக்கு எடுத்துச் சொல்ல, அவ்வூரவரே வேண்டும். ஓர் அந்நியர் தம் இரண்டு கைகளால் எத்தனை பேருக்குத்தான் மருந்து கொடுப்பார்? ஆகவே அவர் வந்த அடுத்த ஆண்டிலேயே சில மாணவர்களைச் சேர்த்து வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். கொழும்பிலே அரசினர் வைத்தியக் கல்லூரி 1870இல் தொடங்கப்பட்டது. அதற்கு 22 ஆண்டுகள் முன்னதாகவே மானிப்பாயில் அங்காதிபாதமும் இரண வைத்தியமும் கற்பிக்கப்பட்டன என்பது நாம் பெருமையுடன் நினைவிற் கொள்ளத்தக்கது.

முதலிலே ஆங்கிலத்திலேயே கற்பித்தார். செமினரியிற் படித்த இளைஞருக்கு ஆங்கிலம் தெரியும். நூல்களும் ஆங்கிலத்திலேயே இருந்தன. ஆதலின் அதுவே எளிதாய்த் தோன்றியது. ஆனால் ஒரு குறையைக் கிறீன் விரைவிற் கண்டார். ஆங்கிலத்திற் கற்றவர்கள் கிராமத்திலே தங்கவில்லை. அரசாங்க உத்தியோகமும் வெளியூர்ச் சம்பளமும் அவர்களை அழைத்தன. யாருக்காகப் படிப்பித்தாரோ அவர்கள் முன்போலவே இருந்தனர். அதுமட்டுமன்று. படித்தவன் தான் படித்ததைத் தன் தாய்க்கு விளக்க முயன்றபோது சொல் கிடைக்காமல் நின்றான். இரத்தம் உடம்பிலே எவ்வாறு ஓடுகின்றது, குழந்தை கருப்பையில் எவ்வாறு கிடக்கின்றது என்பவற்றைப் புதிய முறையிற் கூறத் தமிழில் நூல் இல்லை. சொல்ல முடியாத அறிவு வீட்டுக்குள் நுழைய முடியாத அறிவே.

அப்போது கிறீன் செய்த தீர்மானமே அவரை மற்றைய மருத்துவர்களிடமிருந்து பிரித்து உயர்த்துவது. மாணவரை ஆங்கிலத்துக்கு இழுப்பதிலும் பார்க்க, மருத்துவத்தைத் தமிழுக்குக் கொண்டுவருவது என்று அவர் முடிவு செய்தார். அதற்காகத் தாமே தமிழ் கற்றார்.

மருத்துவம் தமிழ் பேசியது

கற்றர் என்பவர் பாடசாலை மாணவருக்காக எழுதிய உடலமைப்பு, உடற்றொழில், சுகாதாரம் பற்றிய ஆங்கில நூலைக் கிறீன் முதலிலே எடுத்துக்கொண்டார். வைத்தியருக்கென எழுதிய பெருநூலை விடுத்து, சுகாதாரமும் சேர்ந்த எளிய நூலை அவர் முதலில் எடுத்தது கவனிக்கத்தக்கது. நோயாளியைக் குணமாக்குவதற்கு முன் சுகதேகிக்குச் சுகத்தை விளக்குவது அவசியம் என்பதை அத்தெரிவே காட்டுகின்றது. 1850களிலே அது அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் என்ற பெயருடன் வெளிவந்தது. அடுத்து 1857இல் மௌன்செல் எழுதிய பிரசவ வைத்தியம் வந்தது. உடம்பின் பொது அறிவு முதலாவது. தாயும் சேயும் இரண்டாவது. பொதுச் சுகாதாரம் என்று இன்று நாம் அழைக்கும் துறையிலும் இவ்விரண்டுமே அடித்தளமாக உள்ளன.

பின்னர் 1867இல் துறூவிற்றின் இரண வைத்தியமும், 1872இல் மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம் என்னும் இரு பெருநூல்களும், 1875இல் இரசாயனத்தைக் கூறும் கெமிஸ்தமும், 1883இல் மனுஷ சுகரணமும் வெளிவந்தன. நம் நாட்டு மருந்துச் சரக்குகளின் குணங்களைக் கூறும் இந்து பதார்த்த சாரமும் அவர் ஆக்குவித்த நூல்களுள் ஒன்று. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 4500 பக்கங்கள். சுகாதாரம் பற்றிய சிறு பிரசுரங்களும் இவற்றுக்குப் புறம்பாக வெளிவந்தன.

இவை தனியொருவரின் வேலை அன்று. அவரிடம் கற்ற தமிழர்களே மொழிபெயர்ப்பிலே தோள் கொடுத்தனர். டன்வத், சப்மன், சுவாமிநாதன் ஆகியோர் அவர்களுட் குறிப்பிடத்தக்கவர்கள். முதலிருவரின் பெயரைக் கண்டு அவர்களும் அமெரிக்கர் என நினைத்தல் வேண்டா. உபகாரிகளின் பெயரை மாணவருக்குச் சூட்டுவது அக்கால மிசன் வழக்கம். பெயர் அந்நியமாயிருப்பினும் நாவில் வழங்கியது யாழ்ப்பாணத்துத் தமிழே.

கலைச்சொல் ஆக்குவதற்கும் அவர் ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். மக்களின் பேச்சிலும் பழைய நூல்களிலும் ஏற்ற தமிழ்ச்சொல் இருந்தால் அதையே முதலில் எடுத்தல். இல்லாவிடின் வடமொழியை நாடுதல். அதுவும் உதவாவிடின் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஓசைக்கு இயைய மாற்றி வழங்கல். கெமிஸ்தம் என்னும் சொல் இவ்வாறு பிறந்ததே. அவர் ஆக்கிய சொற்களிற் பல இன்று வழக்கொழிந்தன. உற்பாலனம் என்றால் சுகாதாரம் என்று இன்று யாருக்கும் தெரியாது. ஆனால் பிற்காலத்தில் தமிழிலே விஞ்ஞானம் எழுத முயன்ற யாவரும் அவர் முதலில் வெட்டிய பாதையைக் கண்டே நடந்தனர். காட்டை முதலில் வெட்டியவனுடைய கத்தியின் அடையாளம் பிற்காலத்து வீதியிலே தெரிவதில்லை. எனினும் வீதி அவன் வெட்டிய வழியிலேதான் செல்கின்றது.

இரண்டாம் வருகை

ஓய்வின்றி உழைத்தமையால் உடல்நலம் குன்றி, 1850களின் இறுதியிற் கிறீன் தாய்நாடு சென்றார். அங்கேயே தங்கியிருந்தால் நல்ல வருவாயுடன் வாழ்ந்திருக்கலாம். அவரோ மார்கிறெற் அம்மையாரை மணந்து, அவருடன் 1862இல் மானிப்பாய்க்கே மீண்டார். இம்முறை வகுப்புகளைத் தமிழிலேயே நடாத்தினார். தமிழிற் கற்றவர்களுக்கு அரசாங்க உத்தியோகத்தின் கதவு எளிதிற் திறவாது என்பதை அவர் அறிவார். ஆதலினாலேயே அவர்கள் ஊரிலே தங்குவர், ஊருக்கே பயன்படுவர் என்பது அவர் எண்ணம்.

மற்றொன்றையும் இங்கே கூறல் வேண்டும். தம்மிடம் கற்ற தமிழர், நடை உடை உணவுகளில் ஐரோப்பியரைப் போலாவதை அவர் விரும்பவில்லை. தொப்பியும் காற்சட்டையும் அணிந்தால் நாகரிகம் வந்துவிடாது என்பது அவர் கருத்து. தம் மக்களைப்போல் உடுத்து, அவர்கள் மொழியிற் பேசி, அவர்களுடன் பாயில் அமரக்கூடிய வைத்தியனே அவர்கள் நம்பும் வைத்தியன் என்று அவர் கண்டார்.

1866ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணத்திலே வாந்திபேதி கொடுமையாகப் பரவியது. காலையிலே கண்டவனை மாலையிலே காணாத காலம் அது. கிறீனிடம் பயின்றோர் பல ஊர்களிலும் சிதறியிருந்தமையின் அருமை அப்போது விளங்கியிருக்கும். ஒரு மருத்துவர் ஓரிடத்தில் இருப்பது வேறு. பலர் பல இடங்களில் இருப்பது வேறு. அவர் தம் காலத்திலே பயிற்றிய தமிழ் வைத்தியர்கள் அறுபதின்மருக்கு மேற்பட்டோர்.

1873இல் உடல் தளர்ந்து, கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டு இறுதியாகப் புறப்பட்டார். வேலை மட்டும் நிற்கவில்லை. வூஸ்ரரிலே, பனிபெய்யும் அவ்வூரிலே இருந்துகொண்டு, தமிழ் நூல்களைத் திருத்துவதிலும் அச்சுக்குச் செப்பஞ் செய்வதிலும் மீதி ஆண்டுகளைச் செலவிட்டார். மனுஷ சுகரணம் அவ்வாறு வெளிவந்ததே. அது வெளிவந்த மறு ஆண்டு, 1884 மே மாதம் 28ஆம் நாள், தாம் பிறந்த ஊரிலேயே காலமானார். தமக்கு நடும் கல்லிலே, தமிழருக்கு மருத்துவத் தொண்டும் சமயத் தொண்டும் செய்தவர் என்பதையும் தம் கடவுட் பற்றையுமே பொறிக்க வேண்டுமென அவர் விரும்பியிருந்தார். கடலுக்கு அப்பால் ஓர் இடுகாட்டிலே நம் இனத்தின் பெயர் கல்லிலே எழுதப்பட்டுள்ளது.

வெற்றியும் தோல்வியும்

கிறீனின் பணி முழுவெற்றி பெற்றதெனச் சொல்ல இயலாது. அவர் சென்று சில காலத்தின்பின் தமிழ் வைத்திய வகுப்புகள் நின்றுபோயின. உத்தியோகம் ஆங்கிலத்துக்கே கிடைத்தது. ஆகவே பெற்றோர் ஆங்கிலத்தையே நாடினர். 4500 பக்கங்களும் அலுமாரிகளில் உறங்கின. இதற்கு ஆட்சியாளரை மட்டும் குறைகூறுதல் நீதியன்று. அவற்றைத் தொடர்ந்து எழுத, திருத்த, புதுப்பிக்க நம்மிலும் போதியோர் முன்வரவில்லை.

ஆனால் அவருடைய எண்ணம் தோற்கவில்லை. வைத்தியசாலையிற் காத்திராமல் மக்களின் வாசலுக்கே செல்லும் சுகாதார சேவை இலங்கையிலே 1926இல் களுத்துறையில் அமைந்த முதலாவது சுகாதாரப் பகுதியுடன் உருப்பெற்றது. மருத்துவிச்சிகள் வீடு வீடாய்ச் சென்றனர். தாய்மாருடன் அவர்கள் மொழியிலே பேசினர். 1930களில் இந்நாட்டிலே 100000 பிரசவங்களுக்கு 2000 அளவில் தாய்மார் இறந்தனர். இன்று அத்தொகை 50க்கும் குறைவு. பெரிய யந்திரங்கள் மட்டும் இதைச் சாதிக்கவில்லை. வாசலிலே நின்று பேசிய பெண்ணும் சேர்ந்தே சாதித்தாள்.

1971இல் வங்கதேச அகதிகள் முகாமிலே வாந்திபேதி பரவியபோது, டாக்டர் திலீப் மகலனபிஸ் உப்பும் சர்க்கரையும் அளவாய்க் கலந்த நீரைப் பருகக் கொடுத்து எண்ணற்ற உயிர்களைக் காத்தார். அதைக் கொடுத்தவர் பெரும்பாலும் தாதியரல்லர், நோயாளிகளின் உறவினரே. அளவை அவர்களுக்கு விளங்கும்படி சொல்லிக் கொடுத்ததே அங்கு வைத்தியம். 1978இல் அல்மா-ஆற்றா நகரிற் கூடிய உலக நாடுகள், ஊர் மக்களிலிருந்தே சுகாதாரத் தொண்டரைப் பயிற்ற வேண்டுமெனப் பிரகடனம் செய்தன. மானிப்பாயிலே அவ்வேலை தொடங்கி அப்போது 130 ஆண்டுகள் ஆகியிருந்தன.

நம் கடன்

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு வருவோம். கிறீன் மதம் மாற்றும் நோக்கமுடைய சபையின் ஊழியர். அதை அவர் மறைத்ததுமில்லை; நாம் மறைப்பதும் தகாது. அந்நோக்கத்தை எதிர்த்து நாவலர் பெருமான் நின்றமை நியாயமே. ஆனால் நாவலர் அவர்கள் தாமும் மிசன் பாடசாலையிற் கற்றவர். பேர்சிவல் பாதிரியாருக்குத் தமிழிலே துணைநின்றவர். அங்கே கண்ட அச்சியந்திரத்தையும் பாடசாலை ஒழுங்கையும் எளிய வசன நடையின் வலிமையையும் தம் சமயத்துக்குப் பயன்படுத்தினார். எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்று அறிந்தவர் அவர். 1876, 1877ஆம் ஆண்டுகளிற் பஞ்சம் வந்தபோது கஞ்சித்தொட்டி வைத்து ஏழைகளின் பசியாற்றியவரும் அவரே. அறிவைத் தருபவன் யாராயினும் நன்றி சொல்லிப் பெற்று, நம் தெய்வத்தை நாம் விடாது நின்று, பெற்றதைப் பிறருக்கு வழங்குவது நாவலர் காட்டிய வழிக்கு மாறானதன்று.

என் அனுபவம் ஒன்றைச் சொல்லி முடிக்கின்றேன். நான் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவன். ஒன்பது வயதிருக்கும்போது என் அம்மம்மாவுடன் கொழும்பிலுள்ள ஓர் ஆஸ்பத்திரிக்குச் சென்றேன். அவருக்கு நீரிழிவு. டாக்டர் நல்லவர், ஆனால் தமிழ் அறியார். அம்மம்மா தமிழன்றி வேறறியார். நடுவிலே நின்று நான் மொழிபெயர்த்தேன். காலிலே புண் வராமற் பார்க்க வேண்டுமென்று அவர் விளக்கமாகச் சொன்னவற்றிற் பாதி எனக்கு விளங்கவில்லை. விளங்காததை விளங்கியதுபோலத் தலையாட்டி, மருந்தை நேரத்துக்குக் குடிக்கச் சொல்லுகிறார் என்று மட்டும் அம்மம்மாவிடம் கூறினேன். கையிலே தந்த துண்டுப் பிரசுரம் அவர் வாசிக்கக்கூடிய எழுத்தில் இல்லை. அதை மடித்துச் சேலைத் தலைப்பிலே முடிந்துகொண்டார். இரண்டு ஆண்டுகளின் பின் அவருடைய கால்விரல்கள் இரண்டை எடுக்க வேண்டியதாயிற்று. அன்று ஒரு சிறு தமிழ்ப் பிரசுரம் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஆனால் கிறீனின் வரலாற்றைப் பல்கலைக்கழக நூலகத்திலே முதன்முதலாக வாசித்தபோது, அச்சேலைத் தலைப்பு முடிச்சே என் கண்முன் வந்தது.

அங்கத்தவர்களே, நம் சங்கத்தில் மருத்துவம் படிப்போரும் தாதியரும் மருந்துக்கடை வைத்திருப்போரும் உள்ளனர். நல்ல தமிழ் எழுதும் பெரியோர் உள்ளனர். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மழைக்குப் பின் டெங்குக் காய்ச்சல் வருகின்றது. கழுவி வைத்த தயிர்ச்சட்டியிலும், சிரட்டையிலும், பூச்சாடியின் அடித்தட்டிலும் தேங்கும் தெளிந்த நீரிலேயே அதன் நுளம்பு பெருகுகின்றது. நீரிழிவுள்ளோர் கால்களை நாள்தோறும் பார்த்துக்கொள்ளல் வேண்டும். வயிற்றோட்டத்துக்கு உப்புச் சர்க்கரை நீர் கொடுத்தல் வேண்டும். இவை ஒவ்வொன்றையும் ஒரு பக்கத் தமிழிலே, பாட்டிமார் வாசிக்கக்கூடிய பெரிய எழுத்திலே அச்சிட்டு, வெள்ளிக்கிழமைகளிற் கோயில் வாசலிலே கொடுத்தால் என்ன? வாசிக்க இயலாதோருக்கு நாமே வாசித்துக் காட்டினால் என்ன? ஆஸ்பத்திரிக்குத் தனியே செல்லும் முதியோருடன் மொழி அறிந்த இளைஞர் ஒருவர் கூடச் சென்றால் என்ன? ஒன்பது வயதுப் பிள்ளையிடம் அப்பொறுப்பை விடலாகாது.

ஓர் அமெரிக்கர் தம் இளமையையும் உடல்நலத்தையும் செலவிட்டு நம் மொழியைக் கற்று, அதிலே 4500 பக்கங்களைத் தந்து சென்றார். அம்மொழியைத் தாய்ப்பாலுடன் பெற்ற நாம் ஒரு பக்கத்தையாவது எழுதுவோமாக. வள்ளுவர் கூறிய நான்காவது இடம், நோயாளியின் அருகே, இன்னும் வெறுமையாகவே இருக்கின்றது. அவ்விடத்தை நிரப்ப இவ்வாண்டிலேயே முன்வருவோமாக.